அம்மாவின் கைக்கு ஒரு ஸ்விட்ச்

சூடான இரும்பு முனையை ஈரத்துணியில் ஒற்றியதும் எழும் ‘சுர்’ரென்ற சத்தமும், ஈயத்தோடு சேர்ந்து உருகும் பசையின் புகை கண்ணைக் கரிக்க வைப்பதும்தான் என் ஒன்பதாம் வகுப்புக் கோடை விடுமுறை. அந்த விடுமுறையில் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. அம்மா மீண்டும் உண்டாகியிருந்தாள்.

திருத்தணி மலைக்குக் கீழே, நெசவாளர்கள் தெருவில் எங்கள் வீடு. பின்பக்கத் தகரக் கொட்டகையில் நைனா, அதாவது என் அப்பா, இரண்டு விசைத்தறிகள் ஓட்டினார். அவை ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. முந்தின முறை அம்மா நிறைமாதத்துக்கு முன்பே குளியலறையில் வழுக்கி விழுந்து, கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டு கிடந்தபோது, நைனா அடுத்த சுவருக்கு அப்பால்தான் நெய்துகொண்டிருந்தார். அந்தக் குழந்தை தங்கவில்லை. இந்த முறை நைனா அடிக்கடி தறியை நிறுத்திவிட்டு வந்து, அம்மாவை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு ‘பிரஷர்’ வேறு. கண் மங்கினாலோ தலை வலித்தாலோ உடனே வரவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அந்த ‘உடனே’ என்னைப் பிடித்துக்கொண்டது. மணி அடித்தால் கொட்டகையில் கேட்காது. விளக்கு எரிந்தால் தெரியுமே.

கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடையில் ‘கிட்’ என்று ஒரு பாக்கெட் விற்றார்கள். உள்ளங்கையில் அடங்கும் பச்சைப் பலகை, இரண்டு சிவப்பு விளக்குகள், கம்பிக்கால் முளைத்த மிளகுபோல் சில சாமான்கள். ஈயத்தை உருக்கிச் சரியாகப் பற்றவைத்தால் விளக்குகள் மாறி மாறிச் சிமிட்டும். அதோடு இருப்பதிலேயே மலிவான ‘சால்ட்ரிங்’ இரும்பையும் வாங்கி வந்தேன். மீந்த கம்பிக்கால்களை நறுக்க வீட்டு நகவெட்டி போதுமானதாக இருந்தது.

“வெளக்க மட்டும் கரண்ட்டுல சொருகாத. பேட்டரிலயே பண்ணு,” என்றார் நைனா.

முதலில் எரியவே இல்லை. ஒரு விளக்கைத் தலைகீழாக வைத்துவிட்டேன் என்று கண்டுபிடித்து, அதைக் கழற்ற நெடுநேரம் சூடு காட்டியதில், பலகையின் செம்புக்கோடு தோல்போல உரிந்து வந்துவிட்டது. கடையில் வேறு பாக்கெட் இல்லை. நான் பலகையோடு போராடுவதைப் பாயில் படுத்தபடி அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். “வுடும்மா, கை சுட்டுக்கப் போற,” என்றாள். ஆனால் ‘வேண்டாம்’ என்று அவள் சொல்லவில்லை. உரிந்த இடத்தில் ஒரு மெல்லிய கம்பி இழையை வைத்து ஈயத்தால் பிடிக்கவைத்தேன். பேட்டரியை மாட்டியதும் இரண்டும் சிமிட்டின.

பலகையை நைனாவின் கண் எப்போதும் படும்படி தறியின் நெற்றியில் கட்டினோம். நீண்ட ஒயர் இழுத்து, ஸ்விட்ச்சை அம்மாவின் தலையணைக்கருகே வைத்தோம். பள்ளி திறந்த பிறகு, தினமும் காலையில் அம்மா அழுத்துவாள். நைனா கையை உயர்த்தி, “ஆங், எரியுது,” என்பார். அப்புறம்தான் நான் பள்ளிக்குப் போவேன்.

ஆடிக் கிருத்திகையன்று பள்ளி விடுமுறை. நான் கொட்டகையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது, ஒரு விளக்கு மட்டும் சிமிட்டாமல் அசையாது எரிந்தது. தறி அதிர்வில் ஏதோ விட்டுப்போய்விட்டது என்று நினைத்து நான் எழுந்து பார்ப்பதற்குள், நைனா தறிகளை நிறுத்திவிட்டு ஓடியிருந்தார்.

அம்மா ஸ்விட்ச்சை அழுத்திய விரலை எடுக்காமல் கிடந்தாள். “கண்ணு கட்டிகினு வருது,” என்றாள். அவள் பார்வை என் மேல் இல்லை.

பக்கத்து வீட்டாரின் நூல் ஏற்றும் வண்டியில் அவளைப் படுக்கவைத்தோம். தெருமுனை தாண்டியதும் காவடிக் கூட்டம். பம்பைச் சத்தத்தில் ஹாரன் எடுபடவில்லை. நான் இறங்கி வண்டிக்கு முன்னால் ஓடினேன். “வண்டில புள்ளத்தாச்சி கீறாங்க, வழி வுடுங்க,” என்று கத்தியதில் குரல் உடைந்தது. ஒரு காவடிக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, காவடியை இறக்காமலே பக்கவாட்டில் நகர்ந்து மற்றவர்களையும் தள்ளி நிற்கச் சொன்னார். மஞ்சள் வேட்டிகளுக்கு நடுவே வண்டி போக மட்டும் இடம் பிறந்தது.

ஆஸ்பத்திரியில் அம்மாவை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். நைனா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து பூனைக்குட்டிபோல ஒரு சத்தம் வந்தது. தறிச் சத்தத்தில் காது மந்தமாகியிருந்த நைனா என் முகத்தையே பார்த்தார்.

“அழுவுதா? எனுக்குக் கேக்கல. நீ சொல்லு.”

“ஆங் நைனா. அழுவுது.”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா கண் திறக்க மறுநாளாயிற்று. கண்ணாடிப் பெட்டியில் வைத்த தங்கை தேறுவாளா என்று யாரும் உறுதி சொல்லாத நாட்கள் அதற்குப் பிறகும் நீண்டன. இருவரும் ஒன்றாகத்தான் வீடு திரும்பினார்கள்.

இப்போது அந்த ரேடியோ கடை இல்லை. செல்போன் உறை விற்கிறார்கள். தறிகளை விற்றாகிவிட்டது. கொட்டகை இருந்த இடத்தில் கிருத்திகைக்கு வருகிறவர்கள் கார் நிறுத்துகிறார்கள். நைனாவுக்குக் காது முழுவதும் போய்விட்டது, கருவியும் உதவவில்லை. சென்னையில் படிக்கும் தங்கை விடுமுறைக்கு வந்தால் அவர் எதிரில் உட்கார்ந்து ரயில், விடுதி, தோழிகள் என்று ஓயாமல் பேசுகிறாள். ஒரு சொல்லும் கேட்காவிட்டாலும், அவள் முடிக்கும்வரை நைனா எழுந்து போவதில்லை.