சட்டைப் பையில் கற்கண்டு

எனக்கும் என் பூனை குட்டனுக்கும் ஒரே வியாதி, சர்க்கரை. எண்பதுகளில் மட்டாஞ்சேரியில் தினமும் காலையில் அதற்கும் எனக்கும் நானே இன்சுலின் போடுவேன்.

குட்டனின் வயிற்றுக் கட்டியை அறுக்க எர்ணாகுளத்தில் நாள் குறித்தார்கள். “ராத்திரியிலேருந்து தீனி கூடாது, காலையில பாதி ஊசி போதும்” என்றார் மிருக டாக்டர். அப்படியே செய்தேன். அது பட்டினி கிடக்க, எனக்கும் சாப்பிட மனம் வரவில்லை. என் ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

படகுத்துறையில் இரண்டு மணி நேரமாகியும் எர்ணாகுளம் போட் வரவில்லை. எனக்குக் கை நடுங்கியது. சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டேன். கூடைக்குள் குட்டனும் நடுங்கியது. பயம் என்று நினைத்தேன்.

சாயாக்கடை சேட்டன் சர்க்கரைக் கரண்டியோடு வந்தார். “பூச்ச விறைக்குணு, அண்ணாச்சி. நாவில இத்திரி பஞ்சார தேச்சுக் கொடுக்கு.” பூனை நடுங்குகிறது, நாக்கில் கொஞ்சம் சர்க்கரை தேய்த்துவிடு என்றார்.

“வேண்டாம் சேட்டா. ஆபரேஷன் முடியாம ஒண்ணும் கொடுக்கக் கூடாதாம்” என்று கூடையை மூடினேன்.

போட்டில் அதற்கு வலிப்பு வந்தது. டாக்டரின் மேஜையில் வைத்தபோது உயிர் இல்லை.

“சர்க்கரை இறங்கினா நடுங்கும். உங்களுக்குத் தெரியாதா?” என்றார்.

எனக்கு வந்தபோது உடனே தெரிந்ததே.

இப்போதும் பையில் கற்கண்டு இருக்கிறது. கை நடுங்கும்போது அதை வாயில் போடக் கொஞ்சம் தயங்குகிறேன்.