சாமியாத்தாள் நட்ட குச்சி

அந்தியூர்ப் பக்கம் சாமியாத்தாளைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் குச்சியைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. வாய்க்காலில் அவள் வயலுக்கான முறைத்தண்ணீர் திரும்பியதும், கரையில் தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிடுவாள். மட்டம் விரலளவு இறங்கினால் போதும், மேல்மடைக்காரன் தண்ணீரைத் திருடுகிறான் என்று மண்வெட்டியோடு கிளம்பிவிடுவாள். புருஷன் பாலுசாமி கண்ணை மூடிப் பதினாறு வருஷம். இரண்டு ஏக்கரை ஒற்றை ஆளாகக் காத்ததில், யாரையும் நம்பாத மனசுதான் அவளுக்கு மிச்சம்.

சென்னையிலிருக்கும் மகன் தீபக்கின் வீட்டுக்கு அவள் வந்து மூன்று நாள் ஆகிறது. அவள் உள்ளே நுழைந்தால் மகனும் மருமகள் பிரவீனாவும் சட்டென்று பேச்சை நிறுத்துகிறார்கள். இன்று காலையில், சமையலறையில் பிரவீனா தணிந்த குரலில் சொன்னது காதில் விழுந்தேவிட்டது.

"ஏனுங்க, இன்னைக்கு பீச்சுல வெச்சு அத்தைகிட்டச் சொல்லிப்போடுங்க. இதுக்கு மேல மறைக்க முடியாது."

நிலத்தை விற்கச் சொல்லத்தான் இத்தனை உபசாரமா? பூட்டிய வீட்டைக்கூட நம்பாமல் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த நிலப் பத்திரம் மஞ்சப்பைக்குள் இருந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டுதான் காரில் ஏறினாள்.

நகரத்துக்குத் தெற்கே, கூட்டமே இல்லாத கடற்கரை. கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகள், தள்ளி ஒரு சுண்டல்காரர், அவ்வளவுதான். இவ்வளவு பெரிய ஊரில் ஆளில்லாத இடமாகப் பார்த்து ஏன் கூட்டி வந்தார்கள்?

"அத்தை, பையை நான் புடிச்சுக்கட்டுங்களா?"

"ஏன், பையி உன்னையக் கூப்புடுதா?"

தீபக் சிரித்துவிட்டான். "அம்மா, நீ போலீசுக்குப் போயிருக்கோணும்."

"சிரிங்க சாமி, நல்லாச் சிரிங்க."

அவன் ரோட்டோரக் கடைக்கு டீ வாங்கப் போனான். சாமியாத்தாளுக்குக் கால் நனைக்க ஆசை. பையை மருமகளிடம் கொடுக்கத்தான் மனசு வரவில்லை. அலை ஏறி நின்ற ஈரக்கோட்டில் ஒரு குச்சியை நட்டு, அதற்கு இரண்டு முழம் மேலே பையை வைத்தாள். வாய்க்கால் தண்ணீர் குச்சியை விட்டு இறங்கித்தான் பார்த்திருக்கிறாள், தாண்டி ஏறிப் பார்த்ததில்லை. கடலும் தண்ணீர்தானே!

அலையோரமாகவே நடந்து, படகுகளுக்கு அந்தப் பக்கம் வரை போய்த் திரும்பினாள்.

குச்சியைக் காணோம். பையைக் காணோம். பிரவீனா உட்கார்ந்திருந்த இடமும் காலி!

"அடேய் தீபக்! உன்ற பொண்டாட்டி பத்திரத்தைத் தூக்கிட்டுப் போயிட்டாடா!"

சுண்டல்காரர்தான் கத்தினார். "யம்மா, அங்க பாரு! அந்தப் பொண்ணு தண்ணிக்குள்ள நிக்குது!"

மார்பளவு நீரில் அலை அடித்து அடித்துத் தள்ள, பிரவீனா மஞ்சப்பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். டீயைப் போட்டுவிட்டு ஓடிய தீபக் அவளைக் கரைக்கு இழுத்து வந்தான்.

சாமியாத்தாள் பையைப் பிடுங்கினாள். பிளாஸ்டிக் உறையைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். ஒன்றும் நனையவில்லை. அதன் பிறகே நிமிர்ந்தாள்.

"இப்பச் சொல்லுங்க. நெலத்தை விக்கோணும், அதானே?"

தீபக் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "எனக்கு வேலை போயி மூணு மாசமாச்சும்மா. ஊருக்கே வந்து உன்றகூட வெவசாயம் பாக்கலாம்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணோம். நெலத்துக்காகத்தான் வாரோம்னு நெனச்சுப்போடுவீன்னு பயந்துதான் சொல்லல."

'வேற எதுக்காம்?' என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போதுதான் மருமகளின் காலடி மணல் சிவந்திருப்பதைப் பார்த்தாள். கிளிஞ்சல் கிழித்துக் குதிகாலிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. குளிரில் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

"உனக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாதுங்க அத்தை."

சாமியாத்தாள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் காலை மடியில் இழுத்து வைத்து, முந்தானையால் இறுக்கிப் பிடித்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. முகத்தை மட்டும் நிமிர்த்தவில்லை.

"வாரதுன்னா வாங்க. காலு ஆறுனதுக்கப்பறம் வாங்க. ஆறாத காலோட சேத்துல எறங்குனா நான் சும்மா இருக்க மாட்டேன் அம்மணி, ஆமா."