பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

முடிச்சூர் லோகு கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். தகப்பனாரின் நெல் வயல் மனைகளான பிறகு, தாம்பரம் மேற்கில் ஆறு மாதம் படித்துத் தொழிலுக்கு வந்தார். 2003 முதல் மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு ஒன்பது முறை வந்திருக்கிறார். உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துப் புதிதாகத் தொடங்கும் ‘ஃபார்மட்’ என்ற சொல்லை அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. மற்றவர்களுக்கு எல்லா நோய்க்கும் அதுவே மருந்து.

2007 அக்டோபர் 20, சனிக்கிழமை, ஆயுத பூஜை. என் மகள் நாகலக்ஷ்மி பிரௌசிங் சென்டரிலிருந்து சரஸ்வதி படத்தைப் பென்டிரைவில் கொண்டுவந்து திரையில் வைத்தாள். படத்தோடு வைரஸும் வந்தது. காலை 10.40க்கு அவளுடைய எம்.ஃபில். ஆய்வேடு இருந்த ஃபோல்டரைக் காணோம். வேறு பிரதி கிடையாது. திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

மருமகன் மகேஷ் சி.டி.யும் கையுமாக நின்றார். “போனது போனதுதான். ஃபார்மட் பண்ணிட்டு, நோட்டைப் பார்த்துத் திரும்ப அடிச்சிடலாம்.”

நாகலக்ஷ்மி லோகுவுக்குப் போன் செய்தாள். “அவர் ஃபார்மட் பண்றேங்கறார் லோகு!”

“ஐயோ, வேணாங்கா! ஆஃப் பண்ணிடுங்க. என் சாமானெல்லாம் பூஜைல கீது, நாளைக்குத்தான் எடுப்பேன்.”

“அதுவரைக்கும் இவரை யார் பிடிச்சு வைக்கிறது?”

“கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வச்சிடுங்க. அப்புறம் சார் எப்படித் தொடறாருன்னு பாக்கலாம்.”

மூன்று பொட்டு வைத்தாள்.

“இது அநியாயம்டி,” என்றார் மகேஷ்.

“பூஜைல வச்சதைத் தொடக் கூடாது.”

அவர் சி.டி.யை உறையில் போட்டுவிட்டுச் சுண்டல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். நாகலக்ஷ்மி அன்று முழுவதும் ஒன்றும் சாப்பிடவில்லை.

ஞாயிறு 7.15க்கு லோகு வந்தார். விஜயதசமியின் முதல் வேலை இது. வைரஸ் விழித்துக்கொள்ளாதபடி தம்முடைய சி.டி.யிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பி, வைரஸின் கோப்புகளைத் தேடி அழித்தார். பிறகு கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி அடித்தார்.

“ஃபோல்டர் எங்கயும் போவல அக்கா. வைரஸ் ஒளிச்சு வச்சிகினு இருந்துது.”

8.05க்கு ஃபோல்டர் கண்ணில் பட்டது. 142 பக்கம், ஒன்றும் குறையவில்லை. நாகலக்ஷ்மி கடைசிப் பக்கத்தின் கடைசி வரி வரை போய்ப் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். “லோகு, சர்க்கரை எத்தனை ஸ்பூன்?” என்ற குரல் மட்டும் வந்தது.

“நேத்து ஃபார்மட் பண்ணியிருந்தா?” என்று மகேஷ் மெல்லக் கேட்டார்.

“பண்ணியிருந்தா, சாருக்கு இன்னிக்கு வூட்ல காப்பி கெடச்சிருக்காது.”

மகேஷ்தான் முதலில் சிரித்தார். காப்பி ஆறுவதற்குள் ஆய்வேட்டை இரண்டு சி.டி.யில் பதிந்து, ஒன்றை என் பீரோவில் வைக்கக் கொடுத்தார்.