உள்ளே வரச் சொன்ன பலகை

ரேஸ் மைதானத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரெண்டுவாட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நட்டை முடுக்கினால் முடுக்கியதோடு விடமாட்டார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து இன்னொரு தரம் ஸ்பேனரை மாட்டிப் பார்ப்பார். வீட்டிலும் இதே கதைதான். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். இழுத்து இழுத்தே ஒருநாள் பூட்டு கையோடு வந்துவிடப் போகிறது என்பாள் மனைவி. மற்றவர்கள் அதை வேலை சுத்தம் என்று மெச்சினார்கள். அதற்குப் பெயர் பயம் என்று அவருக்குத் தெரியும். மெச்சுகிறவர்களை எதற்குத் திருத்துவது என்று விட்டுவிட்டார்.

வாரநாட்களில் மேம்பாலத்துக்கு அடியில் அவருக்கு ஒரு டூவீலர் பட்டறை. சீசன் வந்தால் சனி, ஞாயிறு ரேஸ் மைதானத்தில். ஓட்டுகிறவன் வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி. வாரம் முழுக்கப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவன், வாரக் கடைசியில் அந்தச் சாலைப் பழக்கத்தை மறந்துவிட்டு முட்டி தரையில் உரசப் பைக்கைச் சாய்ப்பான். பைக் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை முதலாளியுடையது. மனிதர் நல்லவர்தான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

போன வருஷம் மைதானத்தின் பின்பக்கம் இருக்கும் நீண்ட இடது வளைவில் மச்சினன் விழுந்தான். அவன் தப்புமில்லை, பைக் தப்புமில்லை; முன்னால் போனவன் சிந்திவிட்டுப் போன எண்ணெய். தொடையில் கம்பி வைத்துத் தைத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காக்காரி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் கை நழுவி ஒவ்வொன்றாகக் கீழே போட்டாள். அதற்கப்புறம் ரேஸ் பக்கம் அவள் வந்ததே இல்லை.

காலைச் சரிபண்ணிக்கொண்டு வந்தவன் இந்த வருஷம் ஓட்டியதுதான் யாரும் எதிர்பாராதது. மற்றவர்கள் விழுந்து எழுந்துகொண்டிருக்க, இவன் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் முடித்து முடித்தே புள்ளிப் பட்டியலின் உச்சிக்குப் போய்விட்டான். கடைசி வாரம் வந்தபோது கணக்கு சுலபமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ரேஸில் முதல் ஆறு பேருக்குள் வந்தால் போதும், சாம்பியன் பட்டம் அவனுக்கு.

சுலபமான கணக்குதான் ரெண்டுவாட்டியைத் தூங்கவிடவில்லை. ஜெயித்தே ஆகவேண்டும் என்றால் அது ஓட்டுகிறவன் பாடு. பத்திரமாக முடித்தால் போதும் என்றால் அது பைக்கைக் கட்டுகிறவன் பாடு. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் மழை. சனிக்கிழமை வெயில். தகுதிச் சுற்றில் மச்சினன் மறுநாள் கிளம்புவதற்கு இரண்டாவது வரிசையில் இடம் பிடித்தான். ரெண்டுவாட்டி வாயில் போட்ட சோற்றை மாடு அசைபோடுகிற மாதிரி மென்றுகொண்டே இருந்தார்.

ஞாயிறு காலை அக்காக்காரி வந்து நின்றாள். வருவதாக யாரிடமும் சொல்லவில்லை. பைக்கைச் சரிபார்க்கும் பிட் கொட்டகையின் பின்சுவர் ஓரமாக ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். தம்பி வந்து, சாப்பிட்டியா அக்கா என்றான். அவள் தலையாட்டினாள்.

ரேஸுக்கு முன் பின்சக்கரத்தில் புது டயர் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினார். சக்கரத்தை ஏற்றி, அதன் நடுவே ஆக்சில் கம்பியைச் செருகி, செயினின் இழுவை பார்த்து, நட்டை முடுக்கினார். அந்த நட்டு ஓட்டத்தின் அதிர்வில் கழன்றுவிடாமல் இருக்க அதன் குறுக்கே ஒரு பின் செருகி, முனைகளைக் கவட்டை மாதிரி விரித்து மடக்கிவிடுவது வழக்கம். தீக்குச்சி கனம்தான் இருக்கும் அந்தப் பின். அது இல்லாவிட்டாலும் நட்டு உடனே கழன்றுவிடாது. கழலாமலே போனாலும் போகலாம். கழன்றால், முழு வேகத்தில் சக்கரம் கோணிக்கொள்ளும்.

நட்டை முடுக்கிய கையோடு முதலாளி சத்தம்போட்டுக் கூப்பிட்டார். போட்டோ எடுக்கிறார்கள், எல்லோரும் பைக்குக்கு முன்னால் வந்து நிற்கவேண்டுமாம். ரெண்டுவாட்டி போய் நின்றார். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். சிரித்தார். திரும்பி வந்தபோது பைக்கைக் கிளப்பும் நேரம் ஆகிவிட்டிருந்தது. மச்சினன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கண்ணாடியை இறக்குமுன் இவரைப் பார்த்து, "எல்லாம் சரிதானே மாமா?" என்றான். ஒவ்வொரு ரேஸுக்கும் கேட்பதுதான். "எல்லாம் சரி மாப்ள, போய்ட்டு வா" என்றார். அதுவும் ஒவ்வொரு ரேஸுக்கும் சொல்வதுதான்.

தொடக்க விளக்கு அணைந்து பைக்குகள் கூட்டமாகப் பாய்ந்தன. முதல் சுற்று முடிந்து வந்தபோது மச்சினன் நாலாவதாக இருந்தான். முதலாளி ஓடுபாதை ஓரத்துச் சுவரைத் தட்டித் தட்டிக் குதித்தார். ரெண்டுவாட்டி, கை சும்மா இருந்தால் மனசு கண்டதையும் நினைக்கும் என்று, வேலை மேஜையை ஒழுங்குபண்ணப் போனார். அழுக்குத் துணியைத் தூக்கினார். அடியில் ஒரு பின் கிடந்தது. மடக்காத, நேரான, புதுப் பின்.

எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து பின்னை எடுத்தது ஞாபகம் இருக்கிறது. செருகியது? செருகிய மாதிரி இருக்கிறது. ஆனால் அது இன்றைக்குச் செருகியதா, நேற்றைக்கா? இத்தனை வருஷத்தில் எத்தனை பின் செருகியிருப்பார், எல்லா ஞாபகமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தது. இன்னொரு தரம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அப்படிப் பார்த்திருக்க வேண்டிய நேரத்தில்தான் போட்டோவுக்குப் போய் நின்று பல்லைக் காட்டியிருந்தார்.

பின்னை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு முதலாளியிடம் போனார். கையைத் திறந்து காட்டினார். முதலாளி பின்னைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். தோளில் கை போட்டு ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனார். நீ போடாமல் விடுகிற ஆளா, பாக்கெட்டில் மிச்சம் இருந்தது விழுந்திருக்கும், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தார். பைக்கை உள்ளே கூப்பிட்டால் பட்டம் போச்சு என்பது இருவருக்குமே தெரியும். அதை மட்டும் சொல்லாமல் சுற்றிச்சுற்றி வந்தார். கடைசியில் குரல் உடைந்துபோய், "வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழிய உடைச்சிடாதய்யா" என்றார்.

பைக்குகள் மறுபடி கடந்து போயின. மச்சினன் மூன்றாவதாக. ரெண்டுவாட்டி அவனைப் பார்க்கவில்லை. பின்சக்கரத்தைப் பார்த்தார். அந்த வேகத்தில் சக்கரம் வெறும் சாம்பல் வட்டம். நேராகத்தான் ஓடுகிற மாதிரி இருந்தது. கொஞ்சம் ஆடுகிற மாதிரியும் இருந்தது. பைக்குகளின் சத்தம் பின்பக்க வளைவுக்குள் நுழைந்து அடங்கியது. வழக்கமாக அங்கே கொஞ்ச நேரம் சத்தம் கேட்காது, அப்புறம் அந்தப் பக்கமிருந்து எழும்பும். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் மூச்சே விடவில்லை. சத்தம் எழும்பியது. வியர்வை முதுகில் கோடு கோடாக இறங்கியது. இன்னும் எத்தனை சுற்று இப்படி நிற்பது என்று நினைத்தார்.

பின்சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த மனைவி எழுந்து நின்றிருந்தாள். அவளிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் புருஷன் முகம் வெளிறிக் கிடப்பதைப் படிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என்ன என்று கண்ணால் கேட்டாள். அவளிடம் கேட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தம்பி உயிர் அது, முடிவை அவள் சொல்லட்டுமே. உடனே அந்த நினைப்பே அவருக்குக் கேவலமாகப் பட்டது. கூப்பிடு என்று அவள் சொல்லி ஒன்றும் இல்லாமல் போனாலும், விடு என்று சொல்லி ஏதாவது ஆகிவிட்டாலும், காலத்துக்கும் அதை அவள்தான் சுமப்பாள். அவளைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று கை அசைத்துவிட்டுப் பலகையை எடுத்தார்.

ஓட்டுகிறவனுக்குச் சுவரின் மேலிருந்து சேதி காட்டுகிற கறுப்புப் பலகை அது. ஓடுகிறவன் காதில் எதுவும் விழாது, அந்தப் பலகை ஒன்றுதான் வழி. எத்தனையாவது இடம், எத்தனை சுற்று பாக்கி என்று எழுத்துத் தகடுகளைச் செருகிக் காட்டுவார்கள். உள்ளே வா என்பதற்கான தகடுகளை அவர் அந்த சீசனில் ஒருதரம்கூடத் தொட்டதில்லை. அவசரத்தில் ஒரு தகடு கீழே விழுந்தது. முதலாளி வந்து பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் இழுத்தார்கள், சந்தைக்கு வந்த இரண்டு பேர் ஒரே பாயை இழுக்கிற மாதிரி. பிறகு முதலாளி விட்டுவிட்டார்.

"போடலைன்னு சத்தியமாத் தெரியுமா உனக்கு?" என்றார்.

"போட்டேன்னு தெரியலைங்க" என்றார் ரெண்டுவாட்டி.

சுவரில் ஏறிப் பலகையைத் தூக்கிப் பிடித்தார். மச்சினன் மூன்றாவதாக வந்தான், பலகையைப் பார்த்தான், தலை லேசாகத் திரும்பியது, போய்விட்டான். நம்பவில்லை, வேறு யாருக்கோ காட்டுகிற பலகை என்று நினைத்திருப்பான். அந்தச் சுற்று முழுக்க ரெண்டுவாட்டி மனசுக்குள் யார் யாரையோ வேண்டிக்கொண்டார். பின்பக்க வளைவின் மௌனம் இந்தத் தடவை நீண்டுகொண்டே போன மாதிரி இருந்தது. அடுத்த முறை அவன் வந்தபோது பலகையை ஒரு கையில் பிடித்து, மறுகையால் பைத்தியக்காரன்போல வீசினார். மச்சினன் இடதுகையைத் தூக்கினான். பைக் வேகம் குறைந்து பிட் பாதைக்குள் திரும்பியது.

அது நிற்பதற்குள் ரெண்டுவாட்டி மண்டியிட்டிருந்தார். சூடான பைக்கின் வாடை முகத்தில் அடித்தது. விரலை ஆக்சில் நட்டில் வைத்தார். பின் இருந்தது. முனைகள் இரண்டும் அவர் மடக்குகிற மாதிரியே இறுக்கமாக மடங்கி இருந்தன. பாக்கெட்டில் கிரீஸ் பட்டு ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு பின்களைச் சேர்த்து எடுத்து, ஒன்றைச் செருகி, மற்றதை மேஜையில் விட்டிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது.

உயிர் வந்தது அவருக்கு. வந்த உயிர் உடனே சுருங்கியது. மச்சினன் மேலிருந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக்குப் பின்னால் கண் தெரியவில்லை. போ என்று முதுகைத் தட்டினார். அவன் போனான். எல்லோருக்கும் பின்னால் வந்து சேர்ந்தான். பட்டம் வேறொருவனுக்குப் போனது. அங்கே பரிசு மேடையில் கைதட்டலும் பாட்டும் கேட்டன. இங்கே முதலாளி ஒரு பெட்ரோல் கேனை எட்டி உதைத்தார். அது காலியாக இல்லை, காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். யாருக்கும் சிரிக்கத் தைரியம் இல்லை.

மச்சினன் வேனின் பின்கதவைத் திறந்துபோட்டு அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். அக்காள் தண்ணீர் கொடுத்தாள். ரெண்டுவாட்டி சாமான்களை எடுத்துவைக்கிற சாக்கில் அவனை நெருங்காமல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தார். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம், பேசாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அப்போதைய பயம். கடைசியில் அந்த நேரான பின்னைக் கொண்டுபோய் அவன் முன்னால் நீட்டி, நடந்ததை நடந்தபடி சொன்னார். போட்டோவையும் விடவில்லை.

அவன் பின்னை வாங்கி விரல்களுக்கு நடுவே உருட்டினான்.

"முதல்தடவை பலகையைப் பாத்தேன் மாமா. எனக்குத்தான்னு தெரியும்."

ரெண்டுவாட்டி அழுக்குத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்ததும் அப்பாடான்னு இருந்துச்சு. அந்த வளைவுக்கு இனி போகவேண்டாம்னு. அப்படித் தோணினதுலதான் எரிச்சலாகி இன்னொரு சுத்து போனேன். உங்க மேல கோவம் இல்ல. நீங்க கூப்பிட்டதுக்கு நான் சந்தோஷப்பட்டேன் பாருங்க, அதுதான் தாங்கல."

அக்காள் திரும்பி நின்றுகொண்டாள். ஒவ்வொரு ரேஸிலும் அந்த வளைவில் கம்பி வைத்த கால் தானாக நடுங்கியது, அதை மறைத்துக்கொண்டேதான் சீசன் முழுக்க ஓட்டினேன் என்று அவன் சொன்னான். ரெண்டுவாட்டி, எனக்கும் பயம்தான் மாப்ள என்று மட்டும் சொல்லி அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேர் கனத்தில் வேன் பின்பக்கம் தாழ்ந்தது.

அடுத்த சீசனுக்கு முதலாளி வேறு மெக்கானிக்கை வைத்துக்கொண்டார். சண்டையில்லை, பட்டறைக்கே வந்து, தேநீர் வாங்கிக் கொடுத்து, முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். மச்சினன் விட்டுவிடுவான் என்று அக்காள் நம்பியிருந்தாள். அவன் விடவில்லை. பயம் இருக்கிறது என்று வாயால் சொன்னபிறகு கால் நடுக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றான். குறையாவிட்டால் நானே இறங்கிக்கொள்கிறேன் அக்கா என்றும் சொன்னான்.

முதல் ரேஸுக்குக் கணவனும் மனைவியும் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். ரெண்டுவாட்டி அந்த மைதானத்தை அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்ததே இல்லை. கீழே பொடிப்பொடியாக ஆட்கள். மச்சினன் பைக்கின் பின்சக்கரத்தருகே எவனோ ஒருவன் குந்தியிருந்தான். முடுக்கினான், எழுந்தான், கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். திரும்பி வந்து பார்க்கிறானா என்று இவர் காத்திருந்தார். வரவில்லை.

ஸ்பேனர் கையில் இருந்தபோது பயந்ததெல்லாம் ஒரு பயமா என்று இருந்தது அவருக்கு. விளக்கு அணைந்தது. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையும் ஈரமாகத்தான் இருந்தது. பைக்குகள் பின்பக்க வளைவை நோக்கிப் போக, இருவரும் அந்தச் சத்தம் மறுபடி எழும்புவதற்காகக் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.