மணலில் அழித்த தடம்

குவோ ஷெங், வயது இருபத்தாறு, ஹுவாய்யாங் ஊர்க்காரர். ஹான் பேரரசின் யுவான்காங் நான்காம் ஆண்டில், வடமேற்கு எல்லைச் சுவரின் காவல் கோபுரமொன்றில் வீரராக இருந்தார். சுவருக்கு வெளியே உள்ள மணல் பட்டையை அந்தியில் வாரிச் சமன்செய்து, விடியலில் அதில் காலடித் தடம் உண்டா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை.

பத்தாம் மாதம் ஏழாம் நாள் விடியலில், வெளிநோக்கிப் போன ஒருவரின் தடம் தெரிந்தது. உடனிருந்த வீரர் ஜோங்கின் படுக்கை காலியாக இருந்தது. முந்தைய நாள்தான் ஜோங், "நீ மணலுக்குத் தலை வாரியே கிழவனாயிடுவடா. நான் அந்தப் பக்கம் ஓடிப்போய் ஆட்டுக்கறி தின்னப்போறேன்" என்று சிரித்திருந்தார். சுவருக்கு அப்பால் எதிரி நாடோடிகளின் நிலம்; அங்கே தப்பி ஓடியவர் பிடிபட்டால் தலை போகும். நண்பரைக் காப்பாற்ற நினைத்த குவோ ஷெங், தடம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்றுகூடப் பாராமல் அவசரமாக அழித்துவிட்டார்.

நண்பகலில் கோபுரத் தலைவர் கேட்டார்: "தடம் எந்தப் பக்கம் போகுதுடா?"

"தடமே இல்லைங்க ஐயா."

"அதெப்படி? ஜோங்கை நாணல் வெட்ட நான்தான் இருட்டோட அனுப்பினேன். இன்னும் திரும்பலை. பறந்தா போனான்?"

குவோ ஷெங் அழுதபடி உண்மையைச் சொன்னார். நாணல் கிழக்கே, மேற்கே என இரு பக்கமும் வளர்ந்திருந்தது. மேற்கே தேடினார்கள், மாலையில் பனி கொட்டியது. மூன்றாம் நாள் கிழக்கே, கால் முறிந்து உறைந்துபோன ஜோங்கின் உடல் கிடைத்தது. மணல் பட்டையிலிருந்து அவ்விடம் எழுநூற்று இருபது தப்படி.