ஸுல்பிகாவின் சிவப்புக் கதிரை

ஆமினா உம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அதை அவர் யாரிடமும் சொல்லவும் மாட்டார். ஒருநாள் சத்தம் கேட்காமல் போன தன் போனை ஸுல்பிகாவிடம் கொண்டுவந்தார். திருத்திய பிறகு ஸுல்பிகா அவரோடு கதை கொடுத்தபடியே, கட்டாரில் இருக்கும் மகனின் இலக்கத்துக்கு மகனின் படத்தையும், கிண்ணியாவில் இருக்கும் மகளின் இலக்கத்துக்கு மகளின் படத்தையும் போட்டுவிட்டாள். மீன்காரருக்கு ஒரு மீன்.

"இது என்ன புள்ள புதுசா?"

"இப்ப போனெல்லாம் இப்படித்தான் வருது உம்மா."

பக்கத்தில் தையல் மெசினில் இருந்த எனக்கு அது பொய் என்று தெரியும். அந்தப் பொய்யை அல்லாஹ் மன்னிப்பான்.

மூதூர்க் கடைத்தெருவில் அந்தச் சிறிய அறையை நான் வாடகைக்கு எடுத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். ஸுல்பிகா திருகோணமலையில் போன் திருத்தப் படித்துவிட்டு வந்தவள். பெண்களுக்கும் தொழில்நுட்ப வேலை கிடைக்க வேண்டும் என்று ஓர் அலுவலகம் இலவசமாகப் படிப்பித்தது. சான்றிதழ் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள், தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்கள். இந்தப் பிள்ளைகள் எங்கே இருந்து வேலை செய்வார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊரில் எந்தப் போன் கடையும் அவளை எடுக்கவில்லை. அதனால் என் அறையில் பாதியை அவளுக்குக் கொடுத்தேன்.

பெண்கள் வரத் தொடங்கினார்கள். முக்காடில்லாமல் வீட்டுக்குள் எடுத்த படங்கள் இருக்கும் போனை ஆண்களிடம் கொடுக்க மனமில்லாமல், பழுதானதை அலுமாரிக்குள் போட்டு வைத்திருந்தவர்கள் அவர்கள். ஸுல்பிகா தன் மேசைக்கு முன்னால் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் கதிரை போட்டிருந்தாள். போனுக்கு உரியவர் அதில் உட்கார்ந்து இருக்க வேண்டும். வேலை முடியும்வரை போன் அவர் கண்ணை விட்டுப் போகாது. உரியவர் வராத போனை அவள் தொடவே மாட்டாள்.

எதிரே போன் கடை வைத்திருந்த றுவைஸுக்கு இது பிடிக்கவில்லை.

"டொக்டர் அம்மா, இண்டைக்கு எத்தினை ஒப்பரேசன்?" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவான்.

"உங்கட கடையில மௌத்தானதெல்லாம் இங்கதானே எழும்புது காக்கா" என்று அண்ணன் முறை வைத்தே சொன்னாள் ஒருநாள்.

அதற்குப் பிறகு அவன் அவளுக்குச் சாமான் விற்கவில்லை. கண்ணாடிக்குள் அடுக்கி வைத்துக்கொண்டே முடிந்துவிட்டது என்பான். ஒரு சின்ன ஆணிக்கும் அவள் பஸ் ஏறித் திருகோணமலைக்குப் போக வேண்டியிருந்தது.

அதையும் தாங்கினாள். பிறகுதான் ஹிஸ்புல்லா ஹாஜியார் வந்தார். அந்த அறையின் சொந்தக்காரர். மனைவி நுஸ்ரத்தின் போனை மேசையில் வைத்தார்.

"இதிட லொக்கை எடுத்துத் தா புள்ள."

"ராத்தாவை வரச் சொல்லுங்க ஹாஜியார். இந்தக் கதிரையில இருந்தா உடனே செஞ்சி குடுப்பன்."

"என்ட பொஞ்சாதிட போன். என்ட காசில வாங்கினது. நீ இருக்கிறதும் என்ட அறை."

"ஓம். அதுக்கு வாடகை தாறம்."

அவர் முகம் மாறியது. நான் எழும்பி, "அது அமானிதம் ஹாஜியார். உரியவங்களிட்டத்தானே குடுக்கணும்" என்றேன்.

"அஞ்சாம் வகுப்போட நிண்டது எனக்கு மார்க்கம் படிப்பிக்குது" என்று சிரித்தார். பிறகு அவளிடம் சொன்னார்: "தையல் இரிக்கட்டும். நீ இதைத் திறந்து தரணும். இல்லாட்டி இந்த மாசத்தோட மேசையத் தூக்கு."

அவள் போனை அவர் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

நுஸ்ரத் வந்து நன்றி சொல்வாள் என்று நான் நினைத்திருந்தேன். வந்தாள். கதிரையில் இருக்கவில்லை.

"திறந்து குடுத்திருந்தா அண்டைக்கே முடிஞ்சிருக்கும். அதுக்குள்ள ஒண்டுமில்ல. இப்ப நான் என்னத்தையோ மறைக்கிறன் எண்டு ஊரே கதைக்குது. நான் கேட்டனா உன்னிட்ட?"

"இல்ல ராத்தா."

"பின்ன உனக்கு என்னத்துக்கு?"

நுஸ்ரத் போன பிறகு ஸுல்பிகா, கையிலிருந்த திருகாணியை வைத்துவிட்டுப் போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

அடுத்த கிழமையிலிருந்து பெண்கள் வருவது குறைந்தது. புருசனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நிற்கிறவள் என்று ஒரு பேர் வந்துவிட்டது. படிப்பித்த அலுவலகத்துக்கு எடுத்துச் சொன்னாள். குடும்பப் பிரச்சினையில் தலையிட ஏலாது என்றார்கள். வேலை செய்கிற மாதிரி ஒரு படம் அனுப்பச் சொன்னார்கள், ஏதோ விழாவுக்காம். அவள் அனுப்பவில்லை.

அந்தத் தெருவை இப்போதும் நான் கோபத்தோடுதான் பார்க்கிறேன். தொழுதுவிட்டு அங்கே இருப்பவர்களுக்காகவும் துஆக் கேட்கிறேன், ஆனால் கோபம் போகவில்லை. மாதம் முடிந்ததும் ஹாஜியாரின் ஆட்கள் மேசையை வெளியே எடுத்து வைத்தார்கள். றுவைஸ் தன் கடை வாசலில் நின்று பார்த்தான். அன்று அவன் ஒன்றும் கத்தவில்லை.

திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போன் கடையில், பெண்களின் போன்களைப் பார்க்க ஆள் வேண்டும் என்று அவளை எடுத்தார்கள். போகிற அன்று போன் திருத்தும் ஆயுதப் பெட்டியை ஒரு கையிலும், அந்தச் சிவப்புக் கதிரையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு பஸ்ஸடிக்கு வந்தாள். கொண்டக்டர் முறைத்தான்.

"கதிரைக்கும் டிக்கட் எடுக்கணும் தங்கச்சி."

"எடுக்கிறன்" என்றாள்.

"இதை ஏன் புள்ள இழுத்துக்கொண்டு போறாய்? அங்க இல்லாததா?" என்று வழியனுப்ப வந்த நான் கேட்டேன்.

பஸ் புறப்பட்டது. யன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சொன்னாள்:

"அங்க எனக்கு மேசை மட்டும்தான் தாறாங்களாம் ராத்தா. வாறவங்க இதில இருக்கணுமே."