வீட்டில் எத்தனை பேர்?

எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த சந்தோஷம், சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டில் மூன்று வாரம்கூட நிலைக்கவில்லை. கெடுத்தது உதவித்தொகைப் படிவத்தில் இருந்த ஒரு கேள்வி: வீட்டில் எத்தனை பேர்?

“மூணு பேருன்னு எழுது,” என்றார் அம்மா. தேக்காவில் ஓர் உணவகத்தில் காய்கறி நறுக்கும் வேலை அவருக்கு. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்பா காலமாகிவிட்டார். அம்மாவையும் என்னையும் விட்டால் மூன்றாவது ஆள் அண்ணன். கப்பல் பட்டறையில் இன்ஜினியர். கிறிஸ்துவப் பெண்ணைக் கட்டிக்கொண்டு பிடோக்கில் அவள் பெற்றோர் வீட்டுக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மா அவனோடு பேசுவதில்லை. ஆனால் அவன் அடையாள அட்டையில் எங்கள் முகவரிதான். அவனுக்கு வரும் கடிதங்களை அம்மா அவனுடைய கட்டிலில் அடுக்கி வைப்பார். என்ன பிடிவாதமோ! நானும் புத்தி கெட்டுப்போய் மூன்று என்றே எழுதினேன். சம்பளச் சீட்டு கேட்டதும் அண்ணன் உடனே அனுப்பினான், எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இரண்டு சம்பளத்தையும் கூட்டி மூன்றால் வகுத்தால் நாங்கள் வசதியான குடும்பமாம். யாருக்கு வசதி? வெங்காயம் அரிந்து அரிந்து வெடித்துப்போன அம்மாவின் விரல்களை அவர்கள் பார்த்தார்களா?

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண்மணி பொறுமையாகவே விளக்கினார். அண்ணன் முகவரியை மாற்ற வேண்டும். ‘என் மகன் இந்த வீட்டில் வசிக்கவில்லை’ என்று அம்மாவும் கையெழுத்திட்டுத் தர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள். கடன் என்ற சொல்லையே அம்மா வீட்டுக்குள் விடமாட்டார். ஆகவே உதவித்தொகை இல்லையென்றால் எனக்குப் படிப்பும் இல்லை.

கடிதத்தை நானே தட்டச்சு செய்து, ஒரு பேனாவோடு மேசையில் வைத்தேன். செவ்வாய் போயிற்று, புதன் ராத்திரியும் ஆயிற்று, அம்மா அதைத் தொடவில்லை.

“பெத்தவ நான். அவன் என் வீட்டுல இல்லேன்னு என் கையாலயே எழுதிக் குடுக்கணுமா? நீரடிச்சு நீர் விலகுமா?”

எனக்குத் தலைக்கேறிவிட்டது. “ரெண்டு வருஷமா ஒரு போன் பண்ணீங்களா? இப்ப மட்டும் மகனா? நாளன்னிக்கு டெட்லைன்லா மா! என் யூனிவர்சிட்டி போயிடும்!”

அம்மா பேனாவை எடுத்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அன்று அம்மாவை நான் வெறுத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

அண்ணனுக்கு அழுதுகொண்டே போன் செய்தேன். வியாழன் சாயங்காலம், வேலை முடிந்த கையோடு, பட்டறைச் சட்டையிலேயே வந்து நின்றான். அம்மா கதவைத் திறந்தார்.

“நான் அட்ரஸ் மாத்திட்டேன் மா,” என்று கைப்பேசியை நீட்டினான். “சைன் பண்ணுங்க. தங்கச்சி படிக்கட்டும்.”

பிடோக் முகவரியை அம்மா வாய்விட்டு மெல்லப் படித்தார். பிறகு ஃப்ரிட்ஜ் மேலிருந்த பேனாவை எடுத்தார். தமிழில் தன் பெயரை எழுத்து எழுத்தாக எழுதினார். மனம் மாறிவிடுமோ என்ற பயத்தில், மை காய்வதற்குள் தாளை இழுத்துக்கொண்டேன். வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனாலும் அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவன் வளையத்திலிருந்து எங்கள் வீட்டுச் சாவியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

“எடுறா அதை,” என்றார் அம்மா. “அந்தப் பேப்பரு அவங்களுக்கு எழுதுனது. உனக்கு எழுதல.”

அவன் அசையவில்லை. அம்மாவே சாவியை எடுத்து அவன் சட்டைப் பையில் போட்டார்.

“அவ எங்க?”

“கீழ, வாய்ட் டெக்ல நிக்கிறா,” என்றான். அடுக்குமாடிக்கு அடியில் இருக்கும் திறந்த தளம் அது.

“கீழ என்ன வேலை அவளுக்கு? மேல வரச் சொல்லு. சோறு ஆறுது.”

நான் அலமாரியைத் திறந்து நான்கு தட்டுகளை எடுத்தேன்.